கையால் கேட்ட அம்மையார்

மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐம்பொறிகளின் வாயிலாக மக்கள் உலகை அறிகின்றனர். மெய் ஊற்றினை உணரும். வாய் சுவையினை அறியும். கண் ஒளியைக் காணும். மூக்கு நாற்றத்தை நுகரும். செவி ஓசையைக் கேட்கும். இங்ஙனம் ஒவ்வொரு பொறிக்கும் ஒவ்வொரு புலன் உரியதென்று நூல்கள் வகுத்துரைக்கும். எனினும், ஓசை செவி ஒன்றற்கே உரியதன்று; மெய்யும் அதனை ஓரளவு உணர வல்லது. திருவிழாவில் தவில் முழங்கும்போது அருகில் நிற்பவரின் நெஞ்சு அதிர்வதை நாம் அறிவோம். இடி இடிக்கும்போது பலகணிக் கதவுகள் நடுங்குவதையும் அறிவோம். யாழையோ வீணையையோ மடிமேல் வைத்து மீட்டுபவர், அதன் நாதத்தைச் செவியால் கேட்பதோடு கையாலும் உணர்கின்றார். செவி நன்கு கேட்குமாயின் இவ்வுணர்வை எவரும் பொருட்படுத்துவதில்லை. செவியின் வாயில் முற்றும் அடைபட்ட ஒருவரோ, மெய்யின் வாயிலைத் தம் முயற்சியால் அகலத் திறந்து, அதன் வழியே ஓசையை வரவேற்றார். அவரே எலன் கெல்லர் அம்மையார்.

பிறப்பும் நோயும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் அலபாமா என்பது ஒரு மாநிலம். அம்மாநிலத்திலுள்ள டஸ்கம்பியா என்னும் சிற்றூரில் 1880ஆம் ஆண்டு சூன் திங்கள் 27ஆம் நாள் எலன் பிறந்தார். தந்தையார் ஆர்தர் கெல்லர். உள்நாட்டுப் போரில் படைத்தலைவராய் இருந்தவர். பின்னர்ச் செய்தித்தாள் ஆசிரியராய் விளங்கியவர். அன்னையார் கேட் ஆடம்ஸ் என்பவர். குழந்தை எலன் நல்ல கண்ணொளியோடும் செவிப்புலனோடும் பிறந்தது. ஓராண்டு நிறைவதற்கு முன்னரே சில சொற்களை மழலையாய் மொழிந்தது.

1882ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பத்தொன்பது மாதக் குழந்தையாய் இருந்தபோது, எலனைக் கடுங்காய்ச்சல் பற்றியது. குழந்தை பிழைப்பதரிது என்று மருத்துவர் கருதினர். ஆனால் ஒருநாள் காய்ச்சல் வந்த வேகத்திலேயே நீங்கிற்று. இல்லத்தார் பெரிதும் மகிழ்ந்தனர். நீங்கிய காய்ச்சல் குழந்தையின் கண்ணொளியையும் செவிப்புலனையும் தன்னோடு கொண்டுசென்றதை அவர்கள் அப்போது அறியவில்லை. அந்நோய் மூளையைச் சூழ்ந்த சவ்வின் அழற்சியாகவோ செம்புள்ளிக் காய்ச்சலாகவோ இருத்தல் கூடும் என்பது இக்கால மருத்துவர் கருத்து.

செவி கேட்பது எவ்வாறு என்பதை ஈண்டுச் சிறிது அறிதல் வேண்டும். ஒரு பொருள் அதிரும்போது அதனைச் சூழ்ந்த காற்றும் அதிர்கின்றது. அவ்வதிர்வு அலையலையாய்ப் பரவி, நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் விரைவில் வந்து செவிப்பறையைத் தாக்குகின்றது. பறையின் பின்னே ஒன்றோடொன்று இணைந்த மூன்று சிற்றெலும்புகள் உள்ளன. அவை அவ்வதிர்வை வாங்கி, நத்தைக்கூடு போல் சுருண்டிருக்கும் உட்செவிக்குச் செலுத்துகின்றன. அங்கு நிரம்பிய நீர்மம் அசைய, அந்த அசைவினால் நுண்மயிர் பொருந்திய ஆயிரக்கணக்கான உயிரணுக்கள் தூண்டப்படுகின்றன; அவற்றிலிருந்து நரம்பின் வழியே செய்தி மூளையை அடைகின்றது. மூளை அதனை ஓசையென உணர்கின்றது. ஆகவே கேட்டல் என்பதும் ஒருவகைத் தொடுதலே. தொலைவிலுள்ள பொருள் காற்றையே கையாகக் கொண்டு நம் செவிப்பறையைத் தொடுகின்றது. இத்துணை நுட்பமான கருவியில் எப்பகுதி பழுதுற்றாலும் கேள்வி கெடும்.

கேளாத குழந்தை பேசுவதும் இல்லை. பிறர் சொல்லைக் கேட்டும், தன் சொல்லைத் தானே கேட்டுத் திருத்தியுமே குழந்தை மொழி பயில்கின்றது. எலன் முன்பு கற்றிருந்த மழலைச் சொற்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன. நீரைக் குறிக்கும் சொல்லின் அரைகுறை ஒலி ஒன்று மட்டும், பொருள் பொதிந்த சொல்லின் எச்சமாய் அக்குழந்தையின் வாயில் நெடுநாள் தங்கியிருந்தது.

உதட்டைத் தொட்ட சிறுமி

சிறுமி எலன் வளர்ந்தாள். தலையசைத்தும் கையசைத்தும் தன் விருப்பங்களைத் தெரிவிக்கப் பழகினாள். ஆனால் இல்லத்திலுள்ள ஏனையோர் தன்னைப் போலக் கையசைத்துப் பேசுவதில்லை என்பதையும், அவர்கள் வாயினால் ஏதோ செய்கின்றனர் என்பதையும் அவள் கண்டுகொண்டாள். இருவர் உரையாடும்போது அவர்களிடையே சென்று நிற்பாள். அவர்தம் உதடுகளைத் தொட்டுப் பார்ப்பாள். பின்பு தானும் உதடுகளை அசைப்பாள், கைகளை வீசுவாள். பயன் ஒன்றும் விளையாது. சினம் மீதூர, உதைத்தும் கதறியும் ஓய்ந்துபோவாள். தன்னைச் சூழ்ந்தவர்களை இணைக்கின்ற ஏதோ ஒன்று தனக்கு மட்டும் எட்டவில்லை என்னும் துயரமே அச்சினத்திற்கு வேர்.

ஆயினும், ஓசை அவளை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. ஓசை எழுப்பும் பொருள்களைத் தொடுவதில் அவளுக்கு அளவிலா விருப்பம். பூனை உறுமும்போது அதன் உடலைத் தொட்டுப் பார்ப்பாள். குரைக்கும் நாயின்மேல் கைவைப்பாள். பாடுபவரின் மிடற்றிலும், பியானோ என்னும் இசைப்பெட்டியின் மீதும் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். இவையெல்லாம் ஓசையே என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. உள்ளங்கையில் ஓடும் இனிய நடுக்கமாகவே அதனை அறிந்தாள்.

1886ஆம் ஆண்டில் எலனின் பெற்றோர் அவளை வாஷிங்டன் நகருக்கு அழைத்துச் சென்று, தொலைபேசியைக் கண்ட அறிஞர் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லிடம் காட்டினர். பெல்லின் அன்னையாரும் மனைவியாரும் செவிப்புலன் இழந்தவர்கள். இளமையில் பெல், அன்னையாரின் நெற்றிக்கு அருகே வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் பேசுவார் என்றும், அன்னையார் அவ்வதிர்வை உணர்ந்து கொள்வார் என்றும் கூறுவர். ஆதலின், கேளாதாரின் உள்ளத்தை அவர் நன்கறிந்தவர். அவர் எலனை மடிமேல் அமர்த்தி, மணியடிக்கும் தம் கடிகையை அவள் கையில் கொடுத்து ஒலிக்கச் செய்தார். சிறுமி அவ்வொலியைக் கையால் உணர்ந்து மகிழ்ந்தாள். தன்னைப் புரிந்துகொண்டவர் ஒருவர் உளர் என்பதைத் தெளிந்தாள். பாஸ்டன் நகரிலுள்ள பெர்க்கின்ஸ் கண்ணிலார் பள்ளிக்கு எழுதுமாறு பெற்றோர்க்கு வழிகாட்டியவரும் பெல்லே.

ஆசிரியையின் வருகை

அப்பள்ளியில் பயின்ற ஆனி சல்லிவன் என்னும் இருபது வயது நங்கை, 1887ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் எலனின் இல்லத்திற்கு ஆசிரியையாய் வந்தார். அவரும் இளமையில் கண்நோயால் வருந்தி, அறுவை மருத்துவத்தால் ஓரளவு பார்வை பெற்றவர். அவர் எலனின் உள்ளங்கையில் விரல்களால் எழுத்துகளை உணர்த்திச் சொற்களைக் கற்பிக்க முயன்றார். ஒரு திங்கள் கழிந்த பின்னும், அவ்விரல் விளையாட்டிற்கும் பொருள்களுக்கும் உள்ள தொடர்பு சிறுமிக்கு விளங்கவில்லை. ஏப்பிரல் 5ஆம் நாள், ஆசிரியை எலனைத் தண்ணீர்க் குழாயடிக்கு அழைத்துச் சென்றார். ஒரு கையில் குளிர்ந்த நீர் பாய, மறு கையில் நீரைக் குறிக்கும் சொல்லை எழுதினார். அந்நொடியில் எலனின் அகக்கண் திறந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயருண்டு என்பதை உணர்ந்தாள். அன்று மாலைக்குள் பல சொற்களைக் கற்றாள். சில திங்களில் சொற்றொடர்களும், சில ஆண்டுகளில் புடையெழுத்து நூல்களும் அவள் வயமாயின.

மொழி கிட்டியது, ஆயினும் அது ஒலியற்ற மொழி. விரலெழுத்து அறிந்தாரோடு மட்டுமே அவள் பேச இயலும். நாட்டு மக்களுள் அதனை அறிந்தவர் மிகச் சிலர். மற்றையோரைப் போல வாயால் பேசவேண்டும் என்னும் வேட்கை அவள் உள்ளத்தில் நாள்தோறும் வளர்ந்தது. அம்முயற்சி தோல்வியுறின் அவள் மனம் உடைந்துபோகும் என்று அஞ்சி உற்றார் தடுத்தனர். அந்நிலையில், நார்வே நாட்டில் கண்ணும் செவியும் இழந்த ஒரு பெண் பேசக் கற்றாள் என்னும் செய்தி 1890ஆம் ஆண்டில் எலனுக்கு எட்டியது. பிறகு அவளைத் தடுக்க எவராலும் இயலவில்லை.

பேசப் பயிலுதல்

பாஸ்டன் நகரில் கேளாதார் பள்ளியின் தலைவியாய் விளங்கிய சாரா புல்லர் அம்மையார், எலனுக்குப் பேச்சுக் கற்பிக்க இசைந்தார். 1890ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26ஆம் நாள் முதற்பாடம் நடைபெற்றது. புல்லர் அம்மையார் எலனின் கையைத் தம் முகத்தின்மீது மெல்லப் படரவிட்டார். ஓர் ஒலியை எழுப்பும்போது நாவும் உதடும் நிற்கும் நிலையை விரலால் தொட்டு உணரச் செய்தார். எலன் அவ்வாறே தன் வாயை அமைத்து ஒலிக்க முயன்றாள். ஒரு மணி நேரத்தில் ஆறு ஒலிகளைக் கற்றாள். மொத்தம் பதினொரு பாடங்கள் நிகழ்ந்தன.

எழுத்தொலிகள் பிறக்கும் வகையைத் தொல்காப்பியர் பிறப்பியலில் விரித்துரைக்கின்றார். உந்தியிலிருந்து எழும் காற்று, தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடங்களிலும் பொருந்தி வெவ்வேறு எழுத்தொலிகளாய்ப் பிறக்கும் என்பது அவர் காட்டும் முறை. எம்மொழி பேசுவார்க்கும் பேச்சுறுப்புகள் ஒன்றே. நாம் குழந்தைப் பருவத்தில் அறியாமலே கைவரப்பெற்ற இக்கலையை, ஒன்பது வயதுச் சிறுமி எலன் ஒவ்வோர் உறுப்பாய்த் தொட்டுத் தொட்டு, அறிந்தே கற்க வேண்டியதாயிற்று.

வானிலை வெதுவெதுப்பாயுள்ளது என்னும் பொருள்பட அவள் முதன்முதல் ஒரு முழுத் தொடரைப் பேசினாள். தடுமாறிய தொடரே எனினும், அது மாந்தர் பேச்சு. ஊருக்குத் திரும்பியபோது இல்லத்தார் தொடர்வண்டி நிலையத்தில் காத்திருந்தனர். எலன் பேசிய ஒவ்வோர் ஒலியையும் அன்னையார் நடுங்கும் உடலோடு வாய்திறவாமல் கேட்டு நின்றார். சின்னஞ்சிறு தங்கை கையைப் பற்றி முத்தமிட்டுக் குதித்தாள். தந்தையார் பேச நாவெழாது நின்றார். அவர்கள் கண்டுகொண்ட மகிழ்ச்சியை எலன் அவர்களின் மெய்ந்நடுக்கத்தாலேயே அறிந்தாள்.

விரலே செவி

பேசக் கற்றதோடு, பிறர் பேச்சைக் கையால் அறியவும் எலன் பயின்றார். இப்பயிற்சிக்காக 1894ஆம் ஆண்டு முதல் ஈராண்டுகள் நியூயார்க் நகரிலுள்ள கேளாதார் பள்ளியொன்றில் தங்கினார். பேசுபவரின் மிடற்றில் பெருவிரலையும், உதட்டில் சுட்டுவிரலையும், மூக்கின் பக்கத்தில் நடுவிரலையும் வைத்து அவர் பேச்சை அறிந்துகொள்வார். இம்மூன்று விரல்களும் மூன்று செவிகளாய்ப் பணிசெய்தன. குரல் எழுகின்றதா, இல்லையா என்பதைப் பெருவிரல் கூறும். இதழ் குவிவதையும் விரிவதையும், வெளிப்படும் மூச்சையும் சுட்டுவிரல் கூறும். மூக்கொலியை நடுவிரல் கூறும். பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறப்பன. உதட்டை மட்டும் காண்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மகரத்தை ஒலிக்கும்போது மூக்கு அதிர்கின்றது. நம் மூக்கைத் தொட்டுக்கொண்டு ஒலித்துப் பார்ப்பின் இவ்வுண்மை விளங்கும்.

விரல் ஓசையை உணர்வது எங்ஙனம்? தோலின் ஆழத்தில், வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காய் அமைந்த நுண்ணிய உணர்கருவிகள் உள்ளன. நொடிக்கு 200 முதல் 300 வரையுள்ள அதிர்வுகளை அவை மிக நுட்பமாய் உணரும். ஆடவர் குரலின் அடியொலி நொடிக்கு ஏறத்தாழ 100 அதிர்வும், மகளிர் குரலின் அடியொலி ஏறத்தாழ 200 அதிர்வும் உடையது. ஆதலின் குரலின் துடிப்பு கைக்கு எட்டுகின்றது. ஆனால் இளஞ்செவி நொடிக்கு 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளைக் கேட்கும். தோலோ ஏறத்தாழ 1,000 அதிர்வுக்கு மேல் உணர்வதில்லை. சகரம் போன்ற சீறொலிகளின் அதிர்வு இவ்வெல்லைக்கு மேற்பட்டது. அத்தகைய ஒலிகளை மூச்சின் வேகத்தாலும் உதட்டின் நிலையாலும் உய்த்துணர்தல் வேண்டும். ஒரு சொல் பிடிபடாதபோது முன்னும் பின்னும் வரும் சொற்களால் பொருளை ஊகித்தல் வேண்டும். இத்தகைய உழைப்பே எலனின் கேள்வியாய் அமைந்தது.

எலன் கேம்பிரிட்சு நகரிலுள்ள மகளிர் பள்ளியில் சேர்ந்து, 1900ஆம் ஆண்டில் ராட்கிளிப் கல்லூரியில் புகுந்தார். ஆசிரியர்களின் விரிவுரைகளை ஆனி சல்லிவன் அருகிருந்து அவர் கையில் எழுதினார். 1904ஆம் ஆண்டில் எலன் சிறப்புடன் தேறி இளங்கலைப் பட்டம் பெற்றார். கண்ணும் செவியும் இழந்தவருள் அப்பட்டத்தை முதன்முதல் பெற்றவர் அவரே. கல்லூரியில் பயிலும்போதே, 1903ஆம் ஆண்டில், அவர்தம் வாழ்க்கை வரலாற்று நூல் வெளிவந்தது.

அதிர்வுகளின் உலகம்

1908ஆம் ஆண்டில் தாம் வாழும் உலகைப் பற்றி அம்மையார் மற்றொரு நூல் எழுதினார். இருளும் அமைதியுமே நிறைந்ததெனப் பிறர் எண்ணிய அவ்வுலகம், உண்மையில் எண்ணிறந்த அதிர்வுகளால் நிறைந்தது என்பதை அந்நூல் புலப்படுத்திற்று. மரத்தளத்தின் வழியே வரும் அதிர்வால், நடந்து வருபவர் சிறுவரா பெரியவரா, ஆடவரா மகளிரா என்பதை அவர் அறிவார். குழந்தையின் துள்ளுநடை வேறு. முதியவரின் தளர்நடை வேறு. சினந்தவர் நடை வேறு. தயங்குபவர் நடை வேறு. தச்சர் வேலை செய்யும்போது, அறுப்பது வாளா, இழைப்பது இழைப்புளியா, அடிப்பது சுத்தியலா என்பதையும் வேறுபடுத்தி அறிந்தார். பொருளொன்று கீழே விழுந்தால் அதன் கனத்தை உணர்ந்தார்.

இசையும் அவருக்கு அயலாய் இருக்கவில்லை. தேவாலயத்தில் ஆர்கன் என்னும் பெரிய காற்றிசைக் கருவி முழங்கும்போது, அதன் நாதம் கடலலை போல் வந்து தம் உடல் முழுதும் மோதுவதை உணர்ந்து இன்புற்றார். பியானோவின் பெட்டிமேல் கைவைத்து அதன் நுண்ணதிர்வுகளை அறிந்தார். வயலினைத் தொட்டு, வில்லின் சிறு அசைவிற்கும் அது உயிருள்ளது போல் துடிப்பதை உணர்ந்தார். பிற்காலத்தில் இத்தாலி நாட்டுப் புகழ்மிக்க பாடகர் காருசோ பாடியபோது அவர் உதட்டில் விரல்வைத்து அப்பாட்டை அறிந்தார்.

அம்மையாரின் தோலும் விரலும் பிறருடையவற்றினும் வேறாய்ப் படைக்கப்பட்டவை அல்ல. நமக்கும் அவ்வதிர்வுகள் எட்டுகின்றன. நாமோ அவற்றிற்குச் செவிசாய்ப்பதில்லை. அவர் அவற்றை இடைவிடாது உற்றுணர்ந்தார். பயிற்சியால் மூளையும் அதற்கேற்ப இசைந்து கொடுக்கும். செவிப்புலன் இழந்தாரின் மூளையில், ஓசைக்கென அமைந்த பகுதியே தோலுணர்ந்த அதிர்விற்கும் எழுச்சியுறுவதைப் பிற்கால ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

நிறைவேறாத ஆசை

எனினும் ஒரு துயரம் அம்மையாரை வாழ்நாள் முழுதும் விட்டகலவில்லை. பெருமுயற்சி செய்தும் அவர் பேச்சு முற்றும் தெளிவுறவில்லை. உடன் பழகியோர் எளிதிற் புரிந்துகொண்டனர், புதியோர் இடர்ப்பட்டனர். இதன் காரணம் அறியத்தக்கது. நாம் பேசும்போது நம் குரலை நாமே கேட்டு, உயர்ந்தால் தாழ்த்தியும் தாழ்ந்தால் உயர்த்தியும் நொடிதோறும் திருத்திக் கொள்கின்றோம். அத்திருத்தம் அம்மையார்க்கு வாய்க்கவில்லை. தம் குரல் பிறர் செவியில் எவ்வாறு விழுகின்றதென்பதை அவர் ஒருநாளும் அறியார்.

சார்லஸ் ஒயிட் என்னும் இசையாசிரியர் அவர் குரலைப் பண்படுத்தப் பல திங்கள் உழைத்தார். 1913ஆம் ஆண்டில் நியூசெர்சி மாநிலத்து மான்ட்கிளேர் என்னும் ஊரில் அம்மையார் முதன்முதல் மேடையேறிச் சொற்பொழிவாற்றினார். அச்சம் அவரைக் கவ்வியது. குரல் தம் வயமின்றி மேலே மேலே செல்வதை உணர்ந்தார். வலிந்து கீழே இழுத்தார். சொற்கள் ஒன்றோடொன்று இணையாமல் சிதறின. தோற்றோம் என்னும் எண்ணத்தோடு மேடையினின்றும் அகன்றார். ஆனால் மேடையை வெறுத்தாரில்லை. பயிற்சியை விடாது தொடர்ந்தார். பின்னர் நாடெங்கும் சென்று நூற்றுக்கணக்கான கூட்டங்களில் பேசினார். தெளிவுறாத தொடர்களை அருகிருந்தோர் எடுத்துரைத்தனர். அவையோர் கைதட்டி மகிழ்ந்தபோது அவ்வாரவாரம் மேடைப் பலகை வழியே அவர் கால்களை வந்தடைந்தது.

கண்ணின்மை, கேளாமை இரண்டனுள் எது கொடிது என்பதையும் அம்மையார் ஆராய்ந்தார். உலகத்தார் பலரும் கண்ணின்மையே கொடிதென்பர். அவரோ கேளாமையே பெருந்துன்பம் என்று எழுதினார். மாந்தர் குரலே அறிவை எழுப்புவது, உள்ளங்களை இணைப்பது. அதனை இழத்தல் மக்கள் உறவையே இழத்தல் போலாம் என்பது அவர் கருத்து. இளமையில் இருவரிடையே நின்று உதடுகளைத் தொட்ட சிறுமியின் ஏக்கமே, முதிர்ந்த அறிவின் முடிபாய் வெளிப்பட்டது எனலாம்.

செவியிழந்த இருவர்

1924ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல்நாள் இரவு, நியூயார்க் நகரில் பீத்தோவன் இயற்றிய ஒன்பதாம் இசைக்கோவையைப் பெருங்குழுவினர் இசைத்தனர். அது வானொலி வழியே பரப்பப்பட்டது. அம்மையாரின் இல்லத்தார் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தனர். வானொலிக் கருவிமேல் கைவைத்துப் பார்க்குமாறு ஒருவர் அம்மையாரிடம் கூறி, ஒலிவாங்கும் உறுப்பின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். அதிரும் மெல்லிய தகட்டின்மீது அம்மையார் விரல்களை மெல்ல வைத்தார். வியப்பு மேலிட்டது! முரசின் உருட்டொலியையும், ஊதுகருவிகளின் முழக்கத்தையும், நரம்புக் கருவிகளின் ஓட்டத்தையும் வேறுவேறாய் உணர்ந்தார். அவற்றினிடையே மக்கள் குரல்கள் எழுந்தபோது அவை குரல்களே என்று உடனே கண்டுகொண்டார். மறுநாள் தம் மகிழ்ச்சியை அவ்விசைக் குழுவினர்க்குக் கடிதமாய் எழுதினார்.

செவியுடையார் கேட்டதனையே அவர் முற்றும் கேட்டார் என்று கூறுதல் பொருந்தாது. மேல்நிலைச் சுரங்கள் பலவும் விரலுக்கு எட்டாதன. தாளத்தின் நடையும், ஓசையின் ஏற்றத் தாழ்வும், குழுவினரின் எழுச்சியும் அவருக்கு எட்டின. அவ்வளவே அவர் கண்ணீர் பெருகப் போதுமானதாயிற்று.

அவ்விசையை இயற்றிய பீத்தோவனும் செவிப்புலன் இழந்தவர். 1824ஆம் ஆண்டில் வியன்னா நகரில் அது முதன்முதல் அரங்கேறியபோது, அவையோரின் ஆரவாரம் அவர் செவியிற் படவில்லை; உடனிருந்த பாடகி ஒருத்தி அவரை அவைநோக்கித் திருப்பிய பின்னரே கைதட்டலைக் கண்ணால் கண்டார் என்பர். தம் செவியால் கேளாத இசையை அவர் உலகிற்கு வழங்கினார். நூறாண்டு கழித்து, செவியால் கேளாத அம்மையார் அதனைக் கையால் ஏற்றார். இவ்வொற்றுமையை அம்மையார் எண்ணி நெகிழ்ந்தார்.

தொண்டும் மறைவும்

அம்மையார் தாம் பெற்ற பேற்றைத் தம்மளவில் நிறுத்திக்கொள்ளவில்லை. அமெரிக்கக் கண்ணிலார் நிறுவனத்திற்காக நாற்பதாண்டளவு உழைத்தார். முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குச் சென்று, கண்ணும் செவியும் இழந்தார்க்குக் கல்வியும் தொழிலும் அளிக்குமாறு அரசினரை வேண்டினார். 1955ஆம் ஆண்டில், எழுபத்துநான்காம் வயதில், இந்தியாவிற்கும் வந்தார். தலைமையமைச்சர் நேருவைச் சந்தித்து, அவர் முகத்தை விரலால் தொட்டு அறிந்தார். ஆசிரியை ஆனி சல்லிவன் 1936ஆம் ஆண்டில் மறைந்தார். அம்மையார் 1968ஆம் ஆண்டு சூன் திங்கள் முதல்நாள், எண்பத்தேழாம் வயதில், உறக்கத்திலேயே இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இன்று அறிவியல் வளர்ந்துள்ளது. பழுதுற்ற உட்செவியில் மின்கருவியைப் பொருத்தி, ஓசையின் செய்தியை நேரே நரம்பிற்குச் செலுத்தும் முறை வழக்கில் உள்ளது. கேளாத குழந்தைகள் பலர் அதனால் பேச்சைக் கேட்டுப் பயில்கின்றனர். அக்கருவியோ நெடும்பயிற்சியின்றிப் பயன் தருவதில்லை. பிறர் பேச்சை அறிய ஒருவர் விழைதலும், அவர்க்கு அறிவிக்க மற்றொருவர் பொறுமையோடு முன்வருதலும் இன்றும் வேண்டப்படுவனவே. தம் முகத்தின்மேல் ஒரு சிறுமியின் கையைப் படரவிட்ட சாரா புல்லர் அம்மையாரும், ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் அவள் கையைப் பற்றியிருந்த ஆனி சல்லிவன் அம்மையாரும் இல்லையாயின், எலனின் விரல்கள் செவிகளாய் மாறியிரா.

செல்வத்துட் செல்வம் கேள்வியே என்பது தமிழ்ச் சான்றோர் துணிபு. கேட்கும் செவியிருந்தும் கேளாதார் பலர் வாழும் உலகில், செவியின்றியும் அச்செல்வத்தை விரல்நுனியால் ஈட்டினார் எலன் கெல்லர் அம்மையார். நம்மிடம் பேச விழைந்தும் பேச இயலாது நிற்பார் ஒருவரைக் காணும்போது, விலகிச் செல்லாது அவர் கைக்கெட்டும் அளவில் நின்று பொறுமையோடு அறிவித்தலும் அறிதலுமே அவ்வம்மையார் வாழ்வினின்றும் நாம் கொள்ளத்தக்க பாடமாகும்.